பன்றியோடு விளையாடுவதும் பன்றியை வைத்து விளையாடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலங்குகளை வைத்து மனிதர்கள் ஆடும் ஆட்டங்களைப் பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலவற்றில் உண்மையான சந்தேகம் இருக்கிறது. வேறு சில, “இதையெல்லாம் ஏன் பெரிதுபடுத்துகிறீர்கள்?” என்ற எரிச்சலைக் கேள்வி வடிவத்தில் கொட்டுபவை. இரண்டு வகைக்கும் இங்கேயே பதில் எழுதிவைக்கிறேன். பன்றிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நாய்க்கும் பூனைக்கும் பரிந்து பேச ஆள் இருக்கிறது. பன்றிக்கு அவ்வளவாக இல்லை.

விலங்கை விளையாட்டுப் பொருளாக நடத்துவது என்றால் என்ன?

2020 ஜனவரி 18. சீனாவின் சோங்சிங் நகரில் ஒரு கேளிக்கைப் பூங்கா. கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கும் ‘பஞ்சி ஜம்ப்’ கோபுரத்தைப் புதிதாகத் திறந்தார்கள். உயரம் சுமார் 70 மீட்டர். முதலில் குதிக்க மனிதர் யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. 75 கிலோ எடையுள்ள ஒரு பன்றியைக் கால்களைக் கட்டி, கம்பில் தொங்கவிட்டு மேலே தூக்கிப் போனார்கள். அதன் முதுகில் ஊதா நிற மேலங்கி ஒன்று. பறந்து வரும் சாகச வீரனாம். பிடித்துத் தள்ளினார்கள். கயிறு இழுபட்டு மேலும் கீழும் ஆடியபோதும் அதன் அலறல் நிற்கவில்லை. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு பன்றி இறைச்சிக் கூடத்துக்குப் போனதாகச் செய்தி வந்தது. அந்த நாட்டு மக்களே இணையத்தில் கொதித்துப் போக, பூங்கா மன்னிப்புக் கேட்டது.

எனக்கு மறக்காமல் இருப்பது அந்த மேலங்கிதான். அதனால் பன்றிக்கு ஒரு பயனும் இல்லை. வெறும் பன்றி ஒன்று அலறிக்கொண்டு விழுந்தால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வராமல் போகலாம் என்று ஏற்பாடு செய்தவருக்கு உள்ளூரத் தெரிந்திருக்கிறது. ஆகவே அதற்கு ஒரு வேடம் கட்டினார். பயத்தில் துடிக்கும் உயிர், வேடம் கட்டியதும் வேடிக்கைப் பொருளாகிவிட்டது.

“பூனைக்கு விளையாட்டு, சுண்டெலிக்குச் சீவன் போகிறது” என்று பழமொழி ஒன்று உண்டு. விலங்கோடு விளையாடுவது ஒன்று. விலங்கை வைத்து விளையாடுவது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஆட்டத்தின் நடுவில் அந்த விலங்கு விலகிப் போக நினைத்தால் போக முடியுமா? முடியும் என்றால் பேசலாம். முடியாது என்றால் அது ஆடவில்லை, ஆட்டப்படுகிறது.

இது சமூக ஊடகம் வந்த பிறகு முளைத்த பழக்கம்தானே?

இல்லை. 1425 ஆகஸ்டில் பாரிஸ் நகரில் நடந்த ஒரு பந்தயத்தை அக்காலத்து நாட்குறிப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது. பார்வையற்ற நான்கு பேருக்குக் கவசம் மாட்டி, ஆளுக்கொரு தடியும் கொடுத்து, ஒரு வலுவான பன்றியோடு அடைப்புக்குள் விட்டார்கள். அடித்துக் கொல்பவருக்கே பன்றி. முந்திய நாள் இந்த நால்வரையும் பன்றிப் படம் வரைந்த கொடிக்குப் பின்னால், முரசு அடித்துக்கொண்டு தெருவழியே ஊர்வலமாக அழைத்துப் போயிருக்கிறார்கள். போட்டியின்போது பன்றியை அடிப்பதாக நினைத்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டதுதான் கூட்டத்துக்குப் பெரிய வேடிக்கை. பன்றியையும் பார்வையற்றவர்களையும் ஒரே அடைப்புக்குள் தள்ளிய அந்த மனநிலையைப் பாருங்கள்: யார் திருப்பிக் கேட்க மாட்டார்களோ அவர்களெல்லாம் பொம்மைகள்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மானிய அரசவைகளில் நரி எறிதல் என்றொரு பொழுதுபோக்கு இருந்தது. நீளமான பட்டையின் இரு முனைகளை இருவர் பிடித்துக்கொள்வார்கள். ஓடிவரும் நரி பட்டைமேல் கால் வைத்ததும் சட்டென்று இழுத்து வானத்தில் வீசுவார்கள். எவ்வளவு உயரம் போகிறது என்பதே பந்தயம். சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ் டிரெஸ்டன் நகரில் நடத்திய அத்தகைய விருந்தில் 647 நரிகளும் 533 முயல்களும் பலியானதாகக் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். இதைக் கணக்கெடுக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதே எனக்குப் புதுமையாக இருக்கிறது.

பன்றியின் அறிவையும் விட்டுவைக்கவில்லை. 1780களில் இங்கிலாந்தில் ‘படித்த பன்றி’ என்று ஒன்றை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். எழுத்து அட்டைகளை வாயால் எடுத்துச் சொற்களை அமைக்கும். பயிற்சியாளர் கொடுக்கும் நுட்பமான சைகையைப் பிடித்துக்கொண்டுதான் அது அட்டையை எடுத்தது. உண்மையில் எழுத்துக் கூட்டுவதைவிட மனிதரின் சைகையைப் படிப்பதுதான் வியப்பு. டிக்கெட் வாங்கியவர்கள் அதைப் பார்க்க வரவில்லை.

கரடியையும் காளையையும் கட்டிவைத்து நாய்களை ஏவும் ஆட்டங்களை இங்கிலாந்து 1835இல் சட்டம் போட்டு நிறுத்தியது. அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் அவை குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் பொழுதுபோக்காகவே இருந்தன.

எண்ணெய் பூசிய பன்றியைத் துரத்திப் பிடிக்கும் போட்டியில் அதற்குக் காயம் எதுவும் ஏற்படுவதில்லையே?

காயம் வெளியே தெரியாவிட்டால் காயமே இல்லை என்ற கணக்கு இது. பன்றி, இரையாகும் விலங்கு. காட்டில் அதன் குட்டியைத் தரையிலிருந்து தூக்குவது எது? கொன்று தின்ன வந்த ஏதாவது ஒன்று. ஆகவே கால் தரையை விட்டு எழும்பிய கணமே குட்டி உயிர் போவதுபோல் கத்துகிறது. அது நடிப்பல்ல, அடம் பிடிப்பதும் அல்ல. அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் தாய்ப்பன்றி பாய்ந்து வரும். போட்டியில் தாய் வருவதில்லை. அடுத்த ஆள் வருகிறார்.

இன்னொன்று, வெயில். பன்றியின் உடலில் பயன்படும்படியான வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. சேற்றில் புரள்வது உடம்பைக் குளிர்விக்க அது கண்டுபிடித்த வழி. கூட்டம் சூழ்ந்து கத்த, நிழலில்லாத திடலில் நிற்காமல் ஓடவைத்தால் உடல் சூடு ஏறுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் எண்ணெய் பூசிய பன்றிப் போட்டியைச் சட்டத்தில் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது.

சரி, பன்றிப் பந்தயம்? அதில் யாரும் துரத்துவதில்லை.

இதில் நான் கொஞ்சம் இறங்கி வருவேன். சிறிய ஓட்டப்பாதை, முடிவில் ஒரு தின்பண்டம், குட்டிகள் தாமாக ஓடுகின்றன என்றால் எண்ணெய் பூசிய போட்டியோடு அதைச் சமமாக வைக்க மாட்டேன். சத்தத்தைக் குறைத்து, வெயில் தாழ்ந்த பிறகு நடத்தினால் குட்டிகள் அதை ரசிக்கவும் கூடும். ஆனால் ஓடுவது எப்போதும் குட்டிகள்தான். சில மாதங்களில் அவை வளர்ந்துவிடும். அடுத்த திருவிழாவுக்குப் புதிய குட்டிகள் வரும். பழையவை எங்கே போயின என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவரின் முகத்தைக் கவனித்தாலே போதும்.

பன்றிக்கு இதெல்லாம் புரியுமா?

உங்கள் ஊகத்தைவிட அதிகமாகப் புரியும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், பன்றிகளை முதலில் சில மணி நேரம் கண்ணாடியோடு பழகவிட்டார்கள். பிறகு தடுப்புக்குப் பின்னால் உணவுக் கிண்ணத்தை வைத்தார்கள். கண்ணாடியில் மட்டுமே அது தெரியும். எட்டில் ஏழு பன்றிகள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தடுப்பைச் சுற்றிப் போய்க் கிண்ணத்தைக் கண்டுபிடித்துவிட்டன. கண்ணாடியைப் பார்த்திராத பன்றிகளோ அதன் பின்பக்கம் போய்த் தேடின.

2021இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், ஹேம்லட், ஆம்லெட், எபனி, ஐவரி என்ற நான்கு பன்றிகள் மூக்கால் ஜாய்ஸ்டிக் என்ற கைப்பிடியை அசைத்துக் கணினித் திரையில் ஒரு புள்ளியை நகர்த்தக் கற்றன. (ஒரு பன்றிக்கு ‘ஆம்லெட்’ என்று பெயர் வைத்ததை நான் மன்னிக்கவில்லை.) மனிதக் கைக்கும் குரங்குக் கைக்கும் என்று செய்த கருவி அது, பன்றிக்குக் கையே இல்லை. தீனி கொடுக்கும் இயந்திரம் பழுதானபோதும், பழகிய மனிதரின் குரல் ஊக்கத்துக்காகவே அவை வேலையைத் தொடர்ந்தன என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உணர்ச்சியைப் பற்றிக் கேட்டால், 2022இல் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று 411 பன்றிகளின் 7,414 குரல்களைப் பதிவு செய்து பிரித்துப் பார்த்தது. இனிமையான தருணங்களில் குரல் குறுகியது. பயத்திலும் வலியிலும் நீண்டது. கணினி நிரல் 92 சதவீதம் சரியாகப் பிரித்தது. பன்றியோடு நாள்தோறும் பழகுகிறவருக்கு நிரல் தேவைப்படாது.

டீக்கோப்பைக்குள் உட்காரும் குட்டிப் பன்றி கிடைக்கிறதாமே, வாங்கலாமா?

இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது. ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கோப்பைக்குள் உட்காரும் பன்றி இருக்கிறது. அதன் பெயர் பிறந்து சில நாள் ஆன பன்றிக் குட்டி. கோப்பைக்குள்ளேயே வாழ்நாள் முழுவதும் இருக்கும் பன்றி என்று ஓர் இனம் கிடையாது.

வியட்நாமியத் தொந்திப் பன்றி 1980களின் நடுவில் வட அமெரிக்க விலங்குக் காட்சிசாலைகளுக்கு வந்தது. 300 கிலோ எட்டும் பண்ணைப் பன்றியோடு ஒப்பிட்டால் சிறியது. அதனால் ‘மினி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நன்றாக வளர்ந்த தொந்திப் பன்றி 50, 60 கிலோ சாதாரணமாக இருக்கும், அதற்கு மேலும் போகும். ஒரு பெரிய நாயின் எடை. அதை வீட்டுக்காரர்கள் எதிர்பார்ப்பதில்லை, ஏனென்றால் விற்கும்போது “தாய் தகப்பனை நீங்களே பாருங்கள், எவ்வளவு சிறியவை” என்று காட்டுகிறார்கள். அங்கேதான் சூட்சுமம். பன்றி சில மாத வயதிலேயே குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிடும். கர்ப்பக் காலம் ஏறக்குறைய 114 நாள்தான். உடல் வளர்ச்சி முழுமையாகவோ மூன்று ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். நீங்கள் பார்க்கும் ‘தாய்’ உண்மையில் வளர்ந்து முடியாத பெண் பன்றி. தாயே குழந்தை.

அடுத்தது தீனி. “ஒரு நாளைக்கு இவ்வளவுதான் கொடுக்க வேண்டும்” என்று ஓர் அளவு எழுதிக் கொடுப்பார்கள். அந்த அளவில் பன்றி சிறியதாகத்தான் இருக்கும், பட்டினி கிடக்கும் எந்த உயிரும் அப்படித்தான். பசி பொறுக்காமல் அது குளிர்பதனப் பெட்டியைத் திறக்கக் கற்றுக்கொள்ளும். தின்னக் கூடாததைத் தின்னும். எரிச்சலில் கடிக்கவும் செய்யும். உடனே “பன்றியின் குணமே இப்படி” என்று பழி வந்துவிடும்.

கனடாவில் 2012இல் ஒரு தம்பதி, வளர்ந்தாலும் சிறியதாகவே இருக்கும் என்ற வாக்குறுதியோடு ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எஸ்தர் என்று பெயரிட்டார்கள். அது வழக்கமான பண்ணைப் பன்றி. வளர்ந்து, வளர்ந்து 300 கிலோவை நெருங்கியது. அவர்கள் எஸ்தரைக் கைவிடவில்லை. வீட்டை விட்டுப் பண்ணைக்குக் குடிபெயர்ந்து, அதை விலங்குகளின் புகலிடமாகவே மாற்றினார்கள். 2023இல் இறக்கும்வரை எஸ்தர் அங்கே வாழ்ந்தாள். உலகம் முழுவதும் பேசப்பட்ட கதை இது. பேசப்பட்டதற்குக் காரணம், மற்றவர்கள் பெரும்பாலும் இப்படிச் செய்வதில்லை என்பதுதான். குட்டி பருத்தவுடன் புகலிடங்களின் கதவைத் தட்டுகிறார்கள். இடமில்லை என்றால் வேறு வழிகளைத் தேடுகிறார்கள்.

2015இல் சீனாவின் ஷென்சென் நகரில் உள்ள மரபணு ஆய்வு நிறுவனம் ஒன்று, வளர்ச்சி இயக்குநீர் (ஹார்மோன்) சரியாக வேலை செய்யாதபடி மரபணுவைத் திருத்தி, 15 கிலோவில் நின்றுவிடும் பன்றிகளைச் செல்லப்பிராணியாக விற்கப்போவதாக அறிவித்தது. விலை 10,000 யுவான். நிறத்தையும் பின்னாளில் தேர்ந்தெடுக்க வழி செய்வதாகச் சொன்னார்கள். ஆய்வுக்காக உருவாக்கிய பன்றி கடைப் பொம்மையாக மாறப் பார்த்த இடம் அது. அளவு, நிறம், விலைப்பட்டி மூன்றும் தயார்; மூக்கால் தோண்டும் ஆசையை எந்த மரபணுவில் வெட்டுவது என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே பதில்: வேண்டாம். ஓர் ஏக்கர் தோட்டமும் பதினைந்து, இருபது ஆண்டுப் பொறுமையும் இருந்தால், புகலிடத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் இரண்டு பன்றிகளைக் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டோம். இப்போது என்ன செய்வது?

திட்டப்போவதில்லை. முதலில் விற்றவர் தந்த தீனி அளவை மறந்துவிட்டுப் பன்றி பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் வீட்டுப் பன்றியைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆகவே போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கருத்தடை செய்யாத ஆண் பன்றியின் வாடையையும் முரட்டுத்தனத்தையும் வீட்டுக்குள் தாங்க முடியாது. பெண் பன்றிக்குக் கருப்பைக் கட்டிகள் வரும் வாய்ப்பு அதிகம். இரண்டுக்குமே அறுவை சிகிச்சை உதவும். குளம்பை அவ்வப்போது வெட்ட வேண்டியிருக்கும்.

தோண்ட இடம் கொடுங்கள். பன்றியின் மூக்கு நுனியில் வட்டத் தகடு போன்ற பகுதியும் அதைத் தாங்க ஒரு சிறப்பு எலும்பும் இருக்கின்றன. மண்ணைக் கிளறத்தான் அந்த அமைப்பு. மண் கிடைக்காத பன்றி தரைவிரிப்பைக் கிளறும், சுவரின் காரையைப் பெயர்க்கும். மழை ஈரம் உள்ள ஒரு மூலை, வைக்கோல் போட்ட படுக்கை, ஒதுங்க நிழல், முடிந்தால் துணைக்கு இன்னொரு பன்றி. மனிதருக்குச் சளிக் காய்ச்சல் வந்தால் பன்றியிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும், அதற்கு வந்தாலும் அப்படியே. இந்த வைரஸ்கள் இரு திசையிலும் தாவும். 2012இல் அமெரிக்காவில் கண்காட்சிகளில் பன்றிகளைத் தொட்டுப் பழகியதால் 300க்கும் அதிகமானோருக்குப் பன்றியிடமிருந்து காய்ச்சல் தொற்றியது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

பன்றிக் கஃபேக்கள் பற்றி?

காபி குடித்தபடி மடியில் குட்டிப் பன்றிகளை ஏற்றிக்கொள்ளும் கடைகள் ஜப்பானில் 2019 முதல் பிரபலம். நல்ல முறையில் நடத்தினால் பன்றிகள் தாமாக வந்து வெப்பத்துக்காக மடியில் சுருண்டு படுக்கும். குட்டிகள் குவியலாகத் தூங்குபவைதான். நான் பார்ப்பது இரண்டே விஷயம். வாடிக்கையாளர் நுழைய முடியாத மறைவிடம் அவற்றுக்கு இருக்கிறதா? மடியிலிருந்து இறங்கிப் போன குட்டியை ஊழியர் தூக்கி வந்து மறுபடி உட்காரவைக்கிறாரா? இரண்டாவது நடந்தால் அடுத்த முறை வேறு கடையில் காபி குடியுங்கள்.

வீடியோவில் அந்த விலங்கு சிரிக்கிறதே, கையைத் தூக்கிக் கொஞ்சச் சொல்கிறதே?

2009இல் உலகைச் சுற்றிய வீடியோ ஒன்று உண்டு. பெரிய கண்களோடு ஒரு தேவாங்கு. அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிறார்கள். அது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குகிறது. “இன்னும், இன்னும்” என்று கேட்பதாகவே எல்லோரும் நினைத்தார்கள். ஆசியக் காடுகளில் வாழும் இந்த இனத் தேவாங்குக்கு முழங்கை அருகே ஒரு சுரப்பி இருக்கிறது. ஆபத்து வந்தால் கையை உயர்த்தி, அந்தச் சுரப்பை நக்கி எச்சிலோடு கலந்து நஞ்சாக்கிக் கொள்ளும். பாலூட்டிகளில் நஞ்சுள்ளவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று. அதாவது நாம் கொஞ்சலாகப் பார்த்தது ஆயுதம் எடுக்கும் காட்சி. இரவில் நடமாடும் பிராணி அது. வீடியோவிலோ பளீரென்ற வெளிச்சம். விற்பனைக்குப் பிடிக்கப்படும் தேவாங்குகளின் பற்களை மயக்க மருந்தில்லாமல் வெட்டிவிடும் வழக்கமும் உண்டு. 2007 முதலே இவற்றின் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் அந்த வீடியோக்களின் கீழே “எனக்கும் ஒன்று வேண்டும்” என்று எழுதியவர்கள் ஏராளம். அந்தக் கருத்துகளை மட்டுமே ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது.

பல்லைக் காட்டும் சிம்பன்சி பெரும்பாலும் பயந்திருக்கிறது. ‘தப்பு செய்துவிட்டேன்’ என்று முகத்தைத் தொங்கப்போடும் நாய், தப்பு செய்யாதபோதும் திட்டினால் அதே முகத்தைத்தான் காட்டுகிறது. 2009இல் வந்த ஒரு சோதனை இதைத் தெளிவாக்கியது. காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனையின் அழகு, குருத்தெலும்புக் குறைபாடு. அதே குறைபாடு அதன் மூட்டுகளிலும் வலியாக இருக்கிறது.

நீந்தும் பன்றிகளோடு படம் எடுத்துக்கொள்வது? அவை சுதந்திரமாகத்தானே இருக்கின்றன?

பஹாமாஸ் என்ற தீவு நாட்டின் எக்சுமா தீவுகளில் ஆளில்லாத ஒரு கடற்கரையில் இந்தப் பன்றிகள் வாழ்கின்றன. படகுச் சத்தம் கேட்டால் தீனி வருகிறது என்று தெரிந்துகொண்டு நீந்தி எதிரே வருவதால் உலகப் புகழ் பெற்றன. 2017 பிப்ரவரியில் அங்கே பல பன்றிகள் செத்துக் கிடந்தன. பார்வையாளர்கள் மது ஊற்றிக் கொடுத்ததாகப் பேச்சு அடிபட்டது. பரிசோதித்தபோது வயிற்றில் மணல் இருந்தது. மணலில் வீசப்படும் தீனியைப் பொறுக்கித் தின்றதன் விளைவு. பன்றிகளின் முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்தவர்களும் உண்டு. வேலி இல்லை என்பதால் மட்டும் அவை நம் கைக்குள் இல்லை என்று ஆகிவிடாது.

தங்கமீன், சின்ன ஆமை, கினிப் பன்றி எல்லாம் குழந்தைகளுக்கானவைதானே?

அளவு சிறியது, விலை குறைவு, சத்தம் போடாது. பொம்மைக் கடைக்காரர் எதிர்பார்க்கும் மூன்று குணங்களும் இவற்றுக்கு இருப்பது இவற்றின் துரதிர்ஷ்டம். வட்டக் கிண்ணத்தில் தங்கமீன் வைப்பதை இத்தாலியின் மோன்சா நகரம் 2004இல் தடை செய்தது. ரோம் நகரமும் பின்தொடர்ந்தது. ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை அமெரிக்கா 1975இல் தடுத்தது. அது ஆமைமேல் இரக்கப்பட்டு வந்த சட்டமல்ல. குழந்தைகள் அவற்றை வாயில் வைத்துச் சால்மொனெல்லா தொற்றுக்கு ஆளானதால் வந்தது. ஆமையைப் பொருத்தவரை காரணம் எதுவானால் என்ன.

கினிப் பன்றி பன்றியே அல்ல, எலியைப் போன்ற கொறித்துண்ணி. தனியாக இருக்க முடியாத பிராணி அது. 2008இல் வந்த சுவிட்சர்லாந்து விதிகளின்படி ஒன்றை மட்டும் தனியே வளர்க்கக் கூடாது.

என் குழந்தை ஆசையாகத்தான் தூக்குகிறாள். தடுக்க வேண்டுமா?

தூக்குவதைத் தடுங்கள், ஆசையைத் தடுக்காதீர்கள். பன்றியிடம் அழைத்துப் போனால் இப்படிச் செய்து பாருங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, குழந்தையைக் குந்தி உட்காரச் சொல்லுங்கள். துரத்தவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். பன்றி முதலில் தூரத்தில் நின்று மூக்கை அசைக்கும். பிறகு வட்டமாகச் சுற்றி வந்து, ஈரமான மூக்கால் முழங்காலை முட்டும். சட்டை நுனியை லேசாக இழுத்துப் பார்க்கும். அப்போது காதுக்குப் பின்னால் சொறிந்துவிடலாம். அங்கிருந்து மெதுவாக விலாப் பக்கம் கை போகட்டும். குரல் சின்னச் சின்ன உறுமலாக மாறும். வயிற்றுப் பக்கம் கை எட்டியதும் பின்னங்கால்கள் தளர்ந்து, வெட்டிய மரம்போல் பொத்தென்று பக்கவாட்டில் சரிந்து படுத்துவிடும்; கண்ணை மூடிக்கொள்ளும், நாலு காலும் நீட்டியபடி. இதை ஒருமுறை பார்த்த குழந்தை அதன் பிறகு தூக்கக் கேட்டு நான் பார்த்ததில்லை. கையை எடுத்ததும் பன்றி ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். தொடரச் சொல்கிறது.

விலங்குகளே ஒன்றையொன்று வைத்து விளையாடுகின்றனவே?

பூனை எலியை உருட்டுவதை வைத்துக் கேட்கிறீர்கள். பூனையை நாம் முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட ஒரே விஷயம் இதுதான் போலிருக்கிறது.

எலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஒளிந்துபிடித்து விளையாடக் கற்றுக்கொடுத்தார்கள். தீனிப் பரிசு கிடையாது. கண்டுபிடித்தால் கிச்சுகிச்சு மூட்டுவார்கள், அவ்வளவுதான். எலிகள் தேடும் முறை வந்தால் தேடின, ஒளியும் முறை வந்தால் சத்தம் காட்டாமல் ஒளிந்தன. அகப்பட்டதும் சில துள்ளிக் குதித்து மறுபடி ஓடி ஒளிந்துகொண்டன, ஆட்டம் இன்னும் நீளட்டும் என்பதுபோல. ஆய்வகத்தில் எலி படும் பாடு வேறு கதை; ஆனால் அந்த அறையில் நடந்தது விளையாட்டு.

பன்றிக் குட்டிகள் பிறந்த சில நாட்களிலேயே விளையாடத் தொடங்கிவிடும். ஓடி, திடீரென்று நின்ற இடத்திலேயே சுழன்று, காலை மடக்கி விழுந்து, வைக்கோலை வாயில் கவ்வித் தலையை ஆட்டும். பசியிலும் பயத்திலும் இருக்கும் குட்டி இதைச் செய்வதில்லை. அதனால்தான் குட்டிகள் விளையாடுகின்றனவா என்பதை நல்ல பராமரிப்பின் அடையாளமாக ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

கொன்று தின்னலாம், விளையாடக் கூடாதா?

கேட்க வேண்டிய கேள்விதான். கேட்பவர்களில் பலர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை என்பதுதான் குறை. இறைச்சிக்காகக் கொல்வது சரியா என்பது பெரிய விவாதம். அதில் என் முடிவை உங்கள்மேல் திணிக்க மாட்டேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இறைச்சிக்குப் பன்றியின் பயம் தேவையில்லை. பயந்து செத்தால் இறைச்சியின் தரமே கெடும். பல நாடுகளின் சட்டம் மயங்கச் செய்த பிறகே வெட்டச் சொல்கிறது. துரத்திப் பிடிக்கும் போட்டியில் பயம்தான் சரக்கு. பன்றி பயப்படாமல் நடுத்திடலில் உட்கார்ந்துவிட்டால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

சோங்சிங் பன்றி எப்படியும் சாகப்போகிறது என்றார்கள் சிலர். எப்படியும் சாகப்போகிறவர்கள்தானே நாம் எல்லோரும்.

இப்படிப்பட்ட வீடியோ கண்ணில் பட்டால் என்ன செய்வது?

திட்டிக் கருத்து எழுதாதீர்கள், கண்டிப்பதற்காகப் பகிரவும் செய்யாதீர்கள். உங்கள் கோபமும் மற்றவரின் சிரிப்பும் தளத்தின் கணக்கில் ஒரே எண்தான். அந்தத் தளத்தின் புகார் வசதியில் விலங்கு வதை என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆசியா ஃபார் அனிமல்ஸ் என்ற விலங்கு நலக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கையில் 5,480 வதைக் காட்சிகளைத் திரட்டியிருந்தது. அவை பார்க்கப்பட்ட எண்ணிக்கை 530 கோடியைத் தாண்டியது. அவற்றில் போலி மீட்புக் காட்சிகளும் அடக்கம்: குட்டியைப் பாம்புக்கு முன் வைப்பவரும் ‘காப்பாற்றுபவரும்’ ஒரே ஆள். மீட்பு நடக்கும் முன்பே கேமரா நல்ல கோணத்தில் தயாராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பன்றிக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரலாமா?

தாராளமாக. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிப்படி, பண்ணைப் பன்றிக்கும் கிளறிப் பார்க்க வைக்கோல், மரம் போன்ற ஏதாவது எப்போதும் கிடைக்க வேண்டும். பல பண்ணைகள் ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டுக் கடமையை முடித்துக்கொள்கின்றன. பன்றிக்கு எது பிடிக்கும் என்று ஆராய்ந்தவர்கள் கண்டது: மணம் இருக்க வேண்டும், மென்று பார்க்க முடிய வேண்டும், வளைய வேண்டும், கடைசியில் பிய்ந்துபோக வேண்டும். தின்னவும் முடிந்தால் இன்னும் நல்லது. விலை உயர்ந்த ரப்பர் பந்தை முதல் நாள் உருட்டும். சாணம் ஒட்டியதும் திரும்பிப் பார்க்காது. பந்து வந்த அட்டைப்பெட்டியை உள்ளே கொஞ்சம் வைக்கோலும் நாலு கேரட் துண்டும் போட்டு மூடிக் கொடுங்கள். பிறகு நீங்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம்.